செரிமான நோய்களும் ஆளுக்கேற்ற மருத்துவமும்

முன்னுரை

மருத்துவன் மருந்து கொடுக்கும் முன் வந்தவரின் நிலை, நோயின் கடுமை, பருவம் ஆகிய மூன்றையும் எடைபோட வேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வைத்த விதி. நம் சித்த மருத்துவர்களும் வாதம், பித்தம், கபம் எனும் உடல்வாகு பார்த்தே மருந்தின் அளவையும் அனுபானத்தையும் மாற்றி வந்தனர். ஒருவருக்குத் தேனில் குழைத்துத் தரும் மருந்தை வேறொருவருக்கு வெந்நீரில் கலந்து தருவது நம் வீடுகளில் இன்றும் காணும் வழக்கமே.

பின்னர் ஆலையில் செய்த மாத்திரைகள் வந்தன. 20 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரை, கடலில் வலை வீசும் மீனவருக்கும், திருநள்ளாற்றில் கடை நடத்தும் வணிகருக்கும், நெடுங்காட்டில் நாற்று நடும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே கொடுக்கப்படுகிறது. இந்த முறை கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் ஒரே மாத்திரை ஒருவருக்கு நோயைத் தீர்க்கிறது, மற்றொருவருக்குப் பயனின்றிப் போகிறது, மூன்றாமவருக்கு நஞ்சாகிறது. இது ஏன்?

இந்த ‘ஏன்’ என்னும் வினாவுக்கு விடை தேடும் துறையே ஆளுக்கேற்ற மருத்துவம். விலங்கியல் மாணவனாகிய நான், வகுப்பறையில் பயிலும் மரபியலுக்கும் நம் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை அறிய விரும்பிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். செரிமான நோய்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இரண்டு. வயிற்று நோய்க்குத்தான் நம் மக்கள் மிகுதியாகத் தாமே மருந்து வாங்கி உண்கின்றனர். மேலும், இத்துறையில் தமிழ் மக்களைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று நம் புதுச்சேரியிலேயே நடைபெற்றுள்ளது.

மருந்து செல்லும் வழி

வாயில் போட்ட மாத்திரை இரைப்பையில் அல்லது குடலில் கரைகிறது. குடற்சுவர் அதை உறிஞ்சுகிறது. பின்னர் அது கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே நொதிகள் அதன் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. எஞ்சிய பகுதியே இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் இடத்தை அடைகிறது.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினம் அன்று. மேட்டூரில் திறந்துவிடும் நீரின் அளவை வைத்து அரசலாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு வயலுக்கு எவ்வளவு நீர் வரும் என்று சொல்லிவிட முடியுமா? இடையிலுள்ள ஒவ்வொரு மதகும் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வழியில் உள்ள மதகுகள் அகலத் திறந்திருந்தால் நீர் அங்கேயே பிரிந்துபோய் நம் வயல் காய்கிறது. அவை மூடிக்கிடந்தால் நீர் முழுவதும் நம் பக்கம் வந்து பயிர் அழுகுகிறது. கல்லீரல் நொதிகளே இந்த மதகுகள். மருந்தின் அளவு மேட்டூரில் திறக்கும் நீர்.

ஒவ்வொரு மதகையும் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அக்குறிப்பு நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது: ஒன்று தந்தை தந்தது; மற்றது தாய் தந்தது. இரண்டு படிகளும் சரியாக இருப்பின் மதகு நன்கு இயங்கும். ஒன்று பழுதாயின் பாதி இயங்கும். இரண்டும் பழுதாயின் பெரும்பாலும் இயங்காது. இதனால் ஒருவருக்கு அன்றாட வாழ்வில் எந்தக் குறையும் தோன்றாமல் இருக்கலாம். குறிப்பிட்ட மருந்தை உண்ணும் நாளில்தான் அது வெளிப்படும்.

புளியேப்பமும் ஓமெப்ரசோலும்

நெஞ்செரிச்சல், புளியேப்பம், குடற்புண் ஆகியவற்றுக்குப் பெருவழக்காகத் தரப்படும் மருந்து ஓமெப்ரசோல். 1988-இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் இறைப்பியை நிறுத்துகிறது. வேலை முடிந்தபின் இதைச் சிதைக்கும் முதன்மையான கல்லீரல் நொதிக்கு சி.ஒய்.பி.2சி19 என்று பெயர்.

இந்த நொதி விரைவாக வேலை செய்யும் உடலில் ஓமெப்ரசோல் சீக்கிரம் அழிந்துவிடுகிறது. அமிலம் போதிய அளவு குறைவதில்லை. நொதி குறைந்த உடலில் மருந்து நெடுநேரம் நின்று அமிலத்தை நன்கு அடக்குகிறது. ஆகவே இங்கே ‘பழுதான’ மரபணு உடையவருக்கே மருந்து மிகுந்த பயன் தருகிறது என்பது வியப்பான உண்மை.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. அதற்கு முன் ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். குடற்புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரைக் கண்டு, அதற்கும் குடற்புண்ணுக்கும் உள்ள தொடர்பை நிறுவினர். மார்ஷல் 1984-இல் அந்நுண்ணுயிரைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை மெய்ப்பித்தார். இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்நுண்ணுயிரை அழிக்க நோயெதிர் மருந்துடன் அமிலத்தை அடக்கும் மருந்தும் தரப்படுகிறது. அமிலம் அடங்கினால்தான் நோயெதிர் மருந்து நன்கு வேலை செய்யும்.

ஜப்பானின் புருட்டா குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஓமெப்ரசோலும் அமாக்சிசிலினும் சேர்த்துக் கொடுத்தபோது, நொதி விரைந்து இயங்குவோரில் 28.6 விழுக்காட்டினரே குணமடைந்தனர். நடுத்தரமாக இயங்குவோரில் 60 விழுக்காட்டினரும், நொதி இயங்காதவர்களில் அனைவரும் குணமடைந்தனர். மருந்து ஒன்றே, அளவு ஒன்றே, நுண்ணுயிரும் ஒன்றே. மாறியது மனிதர் மட்டுமே. இதே குழுவினர் 2007-இல், நோயாளியின் நொதியையும் நுண்ணுயிரின் எதிர்ப்புத் திறனையும் முன்னதாகச் சோதித்து அதற்கேற்பச் சிகிச்சை தந்து பார்த்தனர். வழக்கமான முறையில் நூற்றுக்கு 70 பேரிடம் நுண்ணுயிர் அழிந்தது. ஆளுக்கேற்ற முறையில் நூற்றுக்கு 96 பேரிடம் அழிந்தது.

புதுச்சேரியில் எடுத்த கணக்கு

ஜப்பானியர் கணக்கு நமக்குப் பொருந்துமா? ஐரோப்பியர் கணக்கு பொருந்துமா? யாரும் அளந்து பார்க்காமல் இதற்கு விடை கூற இயலாது. அளந்து பார்த்தவர்கள் ஜிப்மர் மருந்தியல் துறையினர். 1823-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வளர்ந்த நிறுவனம் அது. அங்கே டாக்டர் சி. ஆதித்தன் தலைமையில் பணியாற்றிய குழுவினர் தமிழ் மக்களின் மருந்துநொதி மரபணுக்களை வரிசையாக ஆய்ந்தனர். சி.ஒய்.பி.2சி19 பற்றிய முடிவு 2003-இல் வெளிவந்தது. இம்மரபணுப் படிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 இயங்காத வகை என்றும், அரிதான மற்றொரு பழுதையும் சேர்த்தால் ஏறத்தாழ 40 என்றும் தெரிந்தது. ஐரோப்பியரிடம் இது 15-ஐ ஒட்டியே உள்ளது.

இந்த எண்ணின் பொருள் என்ன? இங்கே நம் வகுப்பில் படித்த ஹார்டி–வைன்பர்க் விதி கைகொடுக்கிறது. நம் கணித மேதை இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டியும், ஜெர்மனிய மருத்துவர் வைன்பர்க்கும் 1908-இல் தனித்தனியே கண்ட விதி இது. பழுதான படிகளின் பங்கு 0.40 எனில், இரண்டு படியும் பழுதானவர் 0.40 × 0.40 = 0.16, அதாவது நூற்றுக்கு 16 பேர். ஒரு படி பழுதானவர் 2 × 0.60 × 0.40 = 0.48, அதாவது 48 பேர். இரண்டும் நல்லவை 0.60 × 0.60 = 0.36, அதாவது 36 பேர். பங்கு 0.15 மட்டுமே உள்ள மக்களில் இரண்டும் பழுதானவர் நூற்றுக்கு 2 பேரே.

நண்பர்களே, இந்த இரண்டுக்கும் பதினாறுக்கும் உள்ள இடைவெளியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அறுபது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் ஐரோப்பியக் கணக்குப்படி ஒருவரே இருப்பார். நம் கணக்குப்படி ஒன்பது அல்லது பத்துப் பேர் இருப்பர். ஐரோப்பாவில் ‘அரிது’ என்று ஓரத்தில் குறிக்கப்படுபவர் இங்கே ஒரு பெஞ்சு நிறைய இருக்கின்றனர்.

2020-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுக் குறிப்பு, நொதி இயங்காதவர் 12 வாரத்துக்கு மேல் இம்மருந்தை உண்ண நேர்ந்தால், பயன் கிடைத்தபின் அன்றாட அளவைப் பாதியாகக் குறைப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நொதி மிக விரைந்து இயங்குவோருக்குத் தொடக்க அளவைக் கூட்டச் சொல்கிறது. நம் பகுதியில் இம்மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் காலைக் காப்பிக்கு முன் விழுங்குவோர் பலர். நெடுநாள் உண்போருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் குறைவும், குடல் தொற்றும் வரக்கூடும் என எச்சரிக்கப்படுகிறது. அவர்களில் எத்தனை பேருக்குப் பாதி மாத்திரையே போதுமானதாக இருக்கும்!

அளக்காத இடத்தில் வரும் ஆபத்து

ஓமெப்ரசோலில் அளவு தவறினால் பயன் குறையும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அடுத்துக் கூறப்போவது அவ்வாறன்று.

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டும் குடலை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதால் வரும் நெடுநாள் நோய்கள். இவற்றுக்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று அசத்தியோபிரின். 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியான், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடம் தந்த மருந்து இது. விலை குறைவு; பயன் நிறைவு. ஆனால் சிலருக்கு எலும்பு மச்சையை ஒடுக்கி வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும்.

யாருக்கு என்பதை முன்பே அறிய முடியுமா? 1980-இல் அமெரிக்காவில் வைன்ஷில்பாம், ஸ்லாடெக் ஆகியோர் டி.பி.எம்.டி. என்னும் நொதியை 298 பேரிடம் அளந்தனர். பதின்மரில் ஏறத்தாழ ஒருவரிடம் அது பாதியாகவும், முந்நூற்றில் ஒருவரிடம் இல்லாமலும் இருந்தது. இந்நொதி இல்லாதவருக்கு வழக்கமான அளவு உயிருக்கே உலை வைக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே மருந்து தொடங்கும் முன் இதைச் சோதிப்பது மேலை நாடுகளில் வழக்கமாயிற்று.

என் தாய்மாமன் ஒருவருக்குக் குரோன் நோய். அவருக்கும் இச்சோதனை செய்யப்பட்டது. முடிவு ‘இயல்பு’ என்று வந்தது. மருந்து தொடங்கிய நான்காம் வாரத்தில் தலைவாரும்போது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. காய்ச்சல் கண்டது. இரத்தம் சோதித்தபோது, கன மில்லிமீட்டருக்கு 4,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் 1,800 ஆகியிருந்தன. மருந்தை நிறுத்தி, மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினர். சோதனை இயல்பு என்று சொன்னதே, பின் ஏன் இப்படி என்று அத்தை கேட்ட கேள்விக்கு அன்று எங்கள் வீட்டில் எவரிடமும் விடை இல்லை.

விடை கொரியாவில் கிடைத்திருந்தது. கொரிய மக்களிடம் டி.பி.எம்.டி. பழுது மிக அரிது. ஆயினும் இம்மருந்தால் வெள்ளணு குறைவோர் ஐரோப்பாவைவிட அங்கே மிகுதி. இந்த முரண்பாட்டை ஆராய்ந்த கொரிய அறிஞர்கள் 2014-இல் என்.யு.டி.டி.15 என்னும் வேறொரு மரபணுவைக் கண்டனர். அது செய்யும் புரதத்தின் 139-ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் அமர்ந்துவிட்டால், மருந்தின் நச்சு வடிவம் உயிரணுவில் அடங்காமல் தேங்குகிறது. வெள்ளணு சரிவதும், முடி கொட்டுவதும் இதன் அடையாளங்கள். இம்மாறுபாடு ஐரோப்பியரிடம் அரிது, கிழக்காசியரிடம் மிகுதி. இந்திய மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் குறைந்தது ஒரு படியேனும் இதைத் தாங்கியுள்ளனர். பின்னர்ச் செய்த சோதனையில் என் மாமனிடம் இரண்டு படிகளும் இவ்வகை என்று தெரிந்தது. வேறு மருந்துக்கு மாற்றப்பட்ட அவர் இப்போது நலமாக இருக்கிறார்.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்று உண்டு. முதல் சோதனை பொய் சொல்லவில்லை. அது ஐரோப்பிய உடலைப் பார்த்து எழுதிய வினாத்தாள். நம் உடலிடம் கேட்க வேண்டிய வினா அதில் இல்லை. பன்னாட்டு வழிகாட்டுக் குறிப்பின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் என்.யு.டி.டி.15 சேர்க்கப்பட்டது. பிறர் அளந்ததை வாங்கி நாம் அணிந்துகொண்டால், சட்டை பொருந்தாதது மட்டுமன்று, சில வேளை கழுத்தையும் இறுக்கும்.

குடலில் வாழும் குடியினர்

மரபணு ஒருபுறமிருக்க, நம் பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் மருந்தின் போக்கை மாற்றுகின்றன. சல்பாசலசின் என்னும் பழைய மருந்து இதற்கு நல்ல சான்று. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய இம்மருந்து பெருங்குடல் அழற்சிக்கும் உதவிற்று. இரண்டு பொருள்கள் கைகோத்த நிலையில் இருப்பது இது. சிறுகுடலில் பெரும்பகுதி மாறாமல் கடந்து, பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்களே அந்தப் பிணைப்பை வெட்டுகின்றன. ஒரு பாதி புண்ணை ஆற்றுகிறது. மறுபாதியாகிய சல்பாபைரிடின் இரத்தத்தில் கலக்கிறது. அதை வெளியேற்ற உதவும் கல்லீரல் நொதி சிலருக்கு விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்குகிறது. மெதுவாக இயங்குவோருக்குக் குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகள் மிகுதி. நம் நாட்டவரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவான வகையினரே.

ஆக, ஒரே மாத்திரையின் விதியை நுண்ணுயிர் ஒருமுறையும், மரபணு ஒருமுறையும் எழுதுகின்றன. ஒரு நோயாளியின் குடலில் உள்ள குடியினர் அவர் உண்ணும் உணவாலும், உட்கொண்ட நோயெதிர் மருந்துகளாலும் மாறுபவர். மரபணு பிறப்போடு வந்தது. இவர்களோ நாள்தோறும் மாறுகிறவர்கள்.

விதையும் மண்ணும்

இவற்றைப் படிக்கும் ஒருவர் மரபணுவே தலையெழுத்து என்று எண்ணிவிடக்கூடும். அந்த எண்ணத்தைத் திருத்த நம் நாட்டு ஆய்வு ஒன்றே போதும்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் சிதையும் நோய் சீலியாக் எனப்படும். இதற்கு எச்.எல்.ஏ. வகை மரபணுக்கள் அடிப்படை. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, பி.எஸ். இராமகிருஷ்ணா முதலானோர் 2016-இல் முடிவை வெளியிட்டனர். நோய்க்கு இடந்தரும் மரபணு வடக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேரிடமும், தெற்கில் ஏறத்தாழ 36 பேரிடமும் இருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நோயோ, வடக்கில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். தெற்கில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவர்! காரணம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை ஏறத்தாழ 455 கிராம். தெற்கில் 25 கிராம்.

விதை இரு வயலிலும் இருந்தது. ஒரு வயலில்தான் அதற்கேற்ற நீர் பாய்ந்தது. நெல் விளையும் நம் மண்ணில் சோறு உண்ட காலம் வரை இந்த விதை உறங்கிக் கிடந்தது எனலாம். இன்று காலையில் ரொட்டி, இரவில் புரோட்டா அல்லது சப்பாத்தி என்று நம் உணவு மாறிவருகிறது. நெடுநாள் வயிற்றுப்போக்கும் காரணம் தெரியாத இரத்தசோகையும் உள்ளவரிடம், ‘இது வடநாட்டு நோய்’ என்று ஒதுக்காமல் இதையும் நினைவில் கொள்ள வேண்டிய காலம் வருகிறது.

பாலும் அத்தகையதே. குழந்தைப் பருவம் கடந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி பெரும்பாலான மனிதர்க்குக் குறைந்துவிடும். குறையாமல் நீடிக்கச் செய்யும் மரபணு மாறுபாட்டைப் பின்லாந்து அறிஞர்கள் 2002-இல் கண்டனர். இந்தியாவில் அதே மாறுபாடு வடமேற்கில் மிகுந்தும் தென்கிழக்கு நோக்கி வர வரக் குறைந்தும் காணப்படுகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே ஒரு குவளைப் பால் குடித்ததும் வயிறு பொருமுவோர் நம்மிடையே பலர் இருப்பது இயற்கை. அவர்களே தயிரும் மோரும் தொல்லையின்றி உண்பர். உறை ஊற்றிய நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பகுதியை முன்பே செலவழித்துவிடுகின்றன. இவர்களுக்கு மாத்திரை தேவையில்லை. தம் உடலை அறிந்த மோர்க் குவளையே போதும்.

ஒரே மருந்து போதுமான இடம்

எல்லா நோய்க்கும் மரபணுச் சோதனை தேவை என்று நான் கூறவரவில்லை. 2022 சூலையில் நம் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். காலராக் கிருமி வயிற்றில் புகுந்தால் ‘ஓ’ இரத்தப் பிரிவினருக்கு நோய் கடுமையாகும் என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆயினும் அந்த நாளில் எவரும் இரத்தப் பிரிவு கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். வரும் முன் வேண்டியது தூய குடிநீர்.

ஒரு லிட்டர் நீரில் சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம்: இதுவே 2002 முதல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கலவை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை வாளி வாளியாகக் கரைத்துக் கொடுத்து, நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆக இருந்த சாவை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். அங்கே ஆளுக்கேற்ப மாற வேண்டியது அளவு மட்டுமே. ஓரளவு நீரிழந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் தர வேண்டும். தராசு ஒன்றே போதுமான சோதனைக் கருவி.

எங்கே எல்லாருக்கும் ஒன்று, எங்கே ஆளுக்கொன்று என்று பிரித்தறிவதே இத்துறையின் உயிர்நாடி என்பது என் கருத்து. தூய நீருக்குச் செலவிட வேண்டிய பணத்தில் மரபணுச் சோதனை செய்வது அறிவுடைமை ஆகாது. அதுபோலவே, வெள்ளணுவைச் சரிக்கக்கூடிய மருந்தைத் தரும் முன் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கத் தயங்குவதும் சிக்கனம் ஆகாது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, வயிற்றுக்கான மாத்திரையைப் பக்கத்து வீட்டார் சொல்லி வாங்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அவருக்கு நன்மை செய்தது அவருடைய நொதிகளோடு சேர்ந்தே நன்மை செய்தது. அந்த நொதிகளை அவர் நமக்குக் கடன் தர முடியாது.

இரண்டாவதாக, ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனால் அதன் பெயரையும் அளவையும் நாளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மரபணு குடும்பத்தில் ஓடுவது. என் மாமனின் தாள் என் தாய்க்கும் எனக்கும் பயன்படும். மருத்துவர் கேட்கும் முன் நாமே அதைக் காட்டலாம்.

மூன்றாவதாக, சோதனைகளைச் சாதகமாகக் கருதலாகாது. எந்த மருந்துக்காக, எந்த முடிவை மாற்றுவதற்காகச் சோதனை என்று கேட்டுத் தெளிய வேண்டும். மருந்தின் அளவையோ தேர்வையோ மாற்றாத சோதனை வெறும் அலங்காரம். சோதனை இயல்பு என்று வந்தாலும் அசத்தியோபிரின் உண்போர் குறித்த நாளில் இரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது.

நான்காவது, மாணவர்களாகிய நமக்கு உரியது. இந்தியாவின் 83 மக்கட் பிரிவுகளிலிருந்து 10,000 பேரின் மரபுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியாத் திட்டத்தின் தரவுகள் 2025 சனவரியில் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி நம் காரைக்காலிலேயே இயங்குகிறது. எண்ணும் வேலை இன்னும் பெரிதாகக் காத்திருக்கிறது. அதற்கு மருத்துவர் மட்டும் போதார். மரபியல் கற்ற விலங்கியலாரும், நிகழ்தகவு கற்ற கணிதத்தாரும், நொதிகளை அறிந்த வேதியியலாரும், மக்கள் உண்ணும் உணவைக் கேட்டெழுதத் தெரிந்த பொருளியலாரும் வேண்டும்.

முடிவுரை

புதுச்சேரியில் சில ஆய்வாளர்கள் நம் மக்களின் இரத்தத்தை எடுத்து எண்ணிப் பார்த்திராவிட்டால், ‘நூற்றுக்கு 2’ என்ற அயல்நாட்டுக் கணக்கையே நாம் இன்றும் படித்துக்கொண்டிருப்போம். கொரியாவில் சிலர் முரண்பாட்டைக் கண்டு நின்று யோசித்திராவிட்டால், என் மாமனைப் போன்றோருக்கு அதே மருந்து மீண்டும் தரப்பட்டிருக்கும். ஆளுக்கேற்ற மருத்துவம் என்பது பணம் படைத்தோருக்கான ஆடம்பரம் என்று சிலர் கூறுவர். எவருடைய உடல் ஒருபோதும் அளக்கப்படவில்லையோ அவருக்கே அது முதலில் தேவை என்பேன். நம் உடலை நாமே அளந்து அறிவோம்.